ருஷ்ய வகுப்புக்குப் போன வெண்பா

ஜெர்சி சிட்டியில் கலாவதியைப் பற்றி ஒரு பேச்சு அடிபட்டது. மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தி ருஷ்ய வகுப்பில் சேர்த்திருக்கிறாளாம். புருஷன் மயில்சாமி கீவில் ருஷ்ய மொழியில் இன்ஜினியரிங் படித்தவன். அவன்மேல் அவ்வளவு பிரியமாம். பக்கத்துத் தெருச் சுப்பையன் பெண்சாதி சொன்னதாக யாரோ சொல்லி, அது கலாவதி காதுக்கே வந்தது.

பிரியமாவது மண்ணாவது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் ப்ரூக்ளினிலிருந்து ஒல்கா என்ற அவனுடைய பழைய வகுப்புத்தோழி போனில் கூப்பிடுவாள். ஈரோட்டில் பிறந்த மயில்சாமி கட்டினவள் எதிரிலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு ருஷ்யனில் குழைவான். நடுவில் 'கலாவதி' என்று ஒருதரம் வரும். உடனே சிரிப்பு. கேட்டால், "சும்மா, உன் சமையலைப் பத்திதான்" என்பான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தெரிந்ததும் அவன் முகத்துக்கு நேரே வார்த்தை வார்த்தையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மகளை ருஷ்யன் படிக்க அனுப்பினாள்.

ஜர்னல் ஸ்கொயரில் லரீசா என்ற அம்மாள், குடியேறிய ருஷ்யர்களின் பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடக் கூடாதென்று தன் வீட்டு ஹாலில் பாடம் நடத்தினாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்து ஆங்கிலம் பேசினால், ருஷ்ய வழக்கப்படி டீயோடு தரும் ஜாம் கிடையாது. கலாவதியின் ஏழு வயது மகள் வெண்பா ஜாமுக்காகவே மளமளவென்று பேசினாள். அவளைக் காட்டித் தன் ஊர்ப் பிள்ளைகளைத் திட்டினாள் லரீசா.

ஒன்றை மட்டும் கலாவதி கணக்கில் எடுக்கவில்லை. மகள் வாயில் ருஷ்யனைக் கேட்டதும் மயில்சாமி பூரித்துப்போனான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், அப்பாவிடம் ருஷ்யனில் கதையளந்தாள். சாப்பாட்டு மேஜையில் இப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். சாம்பாரை ஊற்றியபடி கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறக்கட்டும் ஞாயிறு.

பிறந்தது. மயில்சாமி குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எடு கண்ணு. அவ என்ன சொல்றான்னு கேட்டு எங்கிட்டச் சொல்லு."

வெண்பா நகரவில்லை. "நோ, அம்மா. தட்ஸ் அப்பாஸ் ஃப்ரெண்ட்."

"என்னையப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஐ நோ. பட் ஐ ப்ராமிஸ்ட் அப்பா."

ஈரத் தலையோடு மயில்சாமி ஓடிவந்தான். கலாவதி ரிசீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவ என்னைய என்னன்னு சொல்றா? அதைத் தமிழ்ல சொல்லுங்க, கையெடுக்கறேன்."

அவன் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். கலாவதியின் உள்ளங்கைக்குக் கீழே போன் அடித்துக்கொண்டே இருந்தது.