போனக்காடு பஸ்ஸில் இருபத்தைந்தாவது ஆள்

இத்தாலியில் ஆள் குறைந்துகொண்டே போகும் ஒரு மலைக்கிராமத்தைப் பற்றிய நாவலைச் சிரித்துச் சிரித்துப் படித்து முடித்தேன். அங்கே போக எனக்கு ஏது வசதி? ஒரு நாள் லீவில் போய்வரும் தூரத்தில், அதே போல ஆள் குறைந்துவரும் தேயிலைத் தோட்ட ஊரான போனக்காடு இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். நவம்பர் வெள்ளிக்கிழமை ஒன்றில் கிளம்பிவிட்டேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒன்பதரைக்கு பஸ் பிடித்தேன். பதினொன்றேகாலுக்கு மலையடிவாரத்து விதுரா. அங்கேயே ஊண் சாப்பிட்டுவிடுங்கள், மேலே எதையும் நம்பாதீர்கள். போனக்காடு பஸ் ஒன்றரைக்கு.

ஏறினால் ஒரே ஆச்சரியம். தலைவாரி, சலவைச் சட்டை போட்டு இருபதுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் கையிலும் பை இல்லை. பக்கத்தில் இருந்த செல்வராணிதான் விளக்கினார். விதுரா பேக்கரியில் அவருக்கு அரை நாள் வேலை. இந்த பஸ் நின்றால் வேலை போகும், ஊரை விட்டுக் கீழே குடிபெயர வேண்டியதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் இருபத்தைந்து பேராவது வந்தால்தான் பஸ் தொடர்ந்து ஓடும் என்று போக்குவரத்துக் கழகத்தில் சொல்லிவிட்டார்களாம். மேலே தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, கூட்டத்துக்கு எங்கே போவது? அதனால் இருக்கிற தொழிலாளர் குடும்பங்கள் முறை வைத்து காலையில் கீழே இறங்கி மதியம் மேலே ஏறுகிறார்கள். இன்று கடைசி நாள்.

கடைசி மூன்று கிலோமீட்டரைப் படமெடுத்தபடி நடப்பது என் திட்டம். எழுந்ததும் செல்வராணி கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கிராதீங்க அக்கா, கேட்டோ. எண்ணுறது கடேசி ஸ்டாப்புல. உங்களச் சேத்தாத்தான் இருவத்தஞ்சு."

முணுமுணுத்தபடி உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம் ஜன்னல் வழியே வீணாய்ப் போனது.

இரண்டே முக்காலுக்குக் கடைசி நிறுத்தம். போக்குவரத்துக் கழக அதிகாரி ஒருவர் காகிதத்தோடு நின்று, இறங்க இறங்க எண்ணினார். மாரியப்பன் என்ற பெரியவரை மட்டும் நிறுத்தி, ஐந்து நாளும் உங்களைப் பார்க்கிறேனே, விதுராவில் அப்படி என்ன வேலை என்று மலையாளத்தில் கேட்டார்.

"சாயா குடிக்கப் போனேன் சார்."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. அதிகாரி அதை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். மாரியப்பன் சிரிக்கவில்லை.

"எல இங்கதான் சார் இருக்கு. கூட இருந்து குடிக்க ஆளு கீழதான இருக்கு."

அதிகாரி காகிதத்தில் அவருக்கும் ஒரு கோடு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் எதற்கு என்றார். நானும் சாயா குடிக்கத்தான் என்றேன். உத்தியோகத்தில் இருப்பவரிடம் நான் சொன்ன முதல் பொய். அதையும் செல்வராணி உண்மையாக்கிவிட்டார், "எங்க வீட்டுக்குத்தான் சார்" என்று. இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார் அதிகாரி. இருபத்தைந்து பேரும் அவரும் செல்வராணி வீட்டு வாசலில் குடித்தோம். டம்ளர் போதாமல் இரண்டு பந்தி. இப்படி ஒரு சந்தோஷமான சாயாவை நான் குடித்ததே இல்லை.

திரும்ப ஐந்து மணிக்கு பஸ் உண்டு. ஸ்வெட்டரும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் அவசியம். ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணுவார்களாம். உங்களிடம் கார் இருந்தால் விதுராவில் விட்டுவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறுங்கள். வழியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்காதீர்கள். செல்வராணி அந்த ஊரிலேயே இருக்கட்டும்.