ஆடியில் ஓடாத இயந்திரம்

கொட்டாம்பட்டியில் என் அக்காள் வீட்டுக்காரர் தேங்காய் நார் ஆலை வைத்தபோது, அரசாங்க மானியம் வாங்கித் தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு இயந்திர விலையில் ஒரு பங்கு, மின்கட்டணத்தில் சலுகை, வட்டியில் சலுகை என்று அரசாங்கம் தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்றது. அதிகாரி வந்து பார்க்கும்போது இயந்திரம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இயந்திரம் வந்து இறங்கியதுமே மதுரை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, நச்சரித்து, அதிகாரியை என் பைக்கிலேயே கூட்டி வந்தேன். இயந்திரமோ தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது.

"ஆடி முடியட்டும் மாப்ள. ஆவணி பொறந்ததும் ஓட்டிருவோம்" என்றார் மச்சான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசாங்கம் எம்புட்டுச் சலுகை குடுத்தாலும் உங்க ஆடிய என்ன மச்சான் செய்ய?" என்று கத்தினேன்.

அதிகாரி கோப்பை மூடினார். என்னைத்தான் பார்த்தார்.

"ஏண்ணே, ஆடியிலயா நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவாங்க? நானே புதுக் காருக்குப் பணத்தக் கட்டிட்டு, ஷோரூம்லயே விட்டு வச்சிருக்கேன். ஆவணியில அதுலயே வாரேன்."