ஆணியில் தொங்கிய சட்டை

என் ஓரகத்தி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டுக்கு அவள் நடு மருமகள், நான் கடைசி. மூத்தவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவள் புருஷன், அதாவது எங்கள் பெரிய அத்தான், மட்டும் எங்கள் உயிரை வாங்க உட்கார்ந்திருந்தார். அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. நாள் முழுக்க அங்கே பிழை பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பார்க்க வீட்டுக்கு வருவார்.

வீட்டு ஆண்கள் மூன்று பேர் சட்டையையும் அக்காதான் தேய்ப்பாள். முதலில் காலர், அப்புறம் தோள்பட்டை, கை, கடைசியில் உடம்பு. அவள் கையில் இஸ்திரிப் பெட்டி நிற்காமல் ஓடும். அது நின்றது ஒரே ஒரு தடவைதான். உள்ளறையிலிருந்து பெரிய அத்தான் தலைபோகிற அவசரம் மாதிரி கத்திக் கூப்பிட்டார். அவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

"இந்த ஃபேன் ஏன் இவ்வளவு மெதுவா சுத்துது?" என்று கேட்டார்.

திரும்பி வருவதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டியின் உருவம் பழுப்பாக விழுந்திருந்தது.

திட்டியிருந்தால் பரவாயில்லை. மனுஷர் ஹாலில் ஆணி அடித்து, முதுகுப் பக்கம் தெரியும்படி அந்தச் சட்டையை ஹேங்கரில் மாட்டினார். "நம்ம வீட்டு மருமக வரைஞ்ச படம், பார்த்துட்டுப் போங்க" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். சிலிண்டர் கொண்டுவந்த ஆளைக்கூட விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து. அக்காவின் புருஷன் வாயில்லாப் பூச்சி; அண்ணன் சிரித்தால் தானும் சிரிப்பார். என் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர், அவரிடம் சொல்லிப் பயனில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. சொந்தமாகச் சம்பாதித்துத் தனிக்குடித்தனம் போய்விட வேண்டும். தைத்த சீருடைகளை வீட்டில் வைத்துத் தேய்த்துக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த தையல்கடை அம்மாவை நான்தான் கூட்டி வந்தேன். அந்த அம்மா அக்கா தேய்த்த சட்டை ஒன்றைத் தடவிப் பார்த்து, முகம் மலர்ந்து, வேலை தருவதாகச் சொல்ல வாயெடுத்தார். பெரிய அத்தான் எழுந்துபோய் ஆணியிலிருந்ததை இறக்கிக்கொண்டு வந்தார்.

"இதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அந்த அம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"அந்தச் சட்டையைக் கொளுத்திடலாமா அக்கா?" என்று சமையலறையில் கேட்டேன்.

"கொளுத்தினா அதுக்கும் ஒரு கதை கட்டுவார். சட்டை அங்கேயே தொங்கட்டும். கறை மட்டும் போகணும்."

"போனா என்ன ஆயிடும்?"

"அவர் நாலு பேர் முன்னாடி எடுத்துக் காட்டணும். அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் அச்சகத்துக்குப் போனதும் சட்டை இறங்கும். "மேலாகத்தான் பழுத்திருக்கு. நூலே கருகியிருந்தா யாராலயும் எடுக்க முடியாது" என்றாள். மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற பெராக்சைடை வாங்கி வரச் சொன்னாள். ஒரு வெள்ளைத் துணியை அதில் நனைத்துக் கறைமேல் விரிப்பாள். அதன்மேல் காய்ந்த துணி. அதன்மேல் மிதமான சூட்டில் இஸ்திரி. நனைத்த துணி காய்ந்தால் மறுபடி நனைப்பாள். பிறகு அந்த இடத்தை மட்டும் தண்ணீரில் அலசி வெயிலில் காட்டி, அவர் வருவதற்குள் ஆணியில் மாட்டிவிடுவாள்.

"சுட்ட பெட்டியே மருந்தும் போடுதா?" என்றேன்.

"செஞ்ச பாவத்தை அதுவே தீர்க்கட்டும்" என்றாள்.

ஒரே நாளில் போகிற கறை இல்லை அது. தினமும் ஒரு துளி மங்கும். பெரிய அத்தான் அந்தச் சட்டையைத் தாண்டித்தான் குளிக்கப் போவார், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டார். அதுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே. யாராவது வந்துவிடுவார்களோ என்று நான்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தவர்களை வாசலிலேயே பேசி அனுப்பிவைத்தேன்.

கடைசியில் கறை போயேபோய்விட்டது. ஆனால் பழுப்பு இருந்த இடம் பளிச்சென்று வெளுத்திருந்தது. சுற்றிலும் ஒரு வருஷத் தூசி. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் பெட்டியின் உருவம் இப்போது வெள்ளையாகத் தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா அசரவில்லை. டீயில் தண்ணீர் விட்டு, பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து ஒற்றிக்கொண்டே வந்தாள். காய்ந்ததும் பீரோ மேலிருந்த தூசியை விரலில் எடுத்து மெல்லத் தடவினாள். அழுக்கை இவ்வளவு அக்கறையாகத் துணியில் சேர்த்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தையல்கடையில் தேய்க்க வைத்த புது ஆள் சரியில்லை என்று காதில் விழுந்தது. "அந்த அம்மாவைக் கூப்பிடு. அத்தான் வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்துக் கூப்பிடு" என்றாள் அக்கா.

அந்த அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் பெரிய அத்தான் எழுந்துவிட்டார்.

"மறந்துட்டீங்க போலிருக்கு. இன்னொரு தடவை காட்டறேன்" என்று சட்டையைப் பார்க்காமலே எடுத்து, முதுகை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே விரித்தார். "இந்தக் கையை நம்பியா துணி கொடுக்கப் போறீங்க?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கறை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். துணியிலேயே பழகின கை, கண்டுபிடித்துவிட்டது.

"எங்க சார்? தூசிதான் இருக்கு" என்றார் அந்த அம்மா.

பெரிய அத்தான் சட்டையைத் தன் பக்கம் திருப்பினார். முன்பக்கம் பார்த்தார், உள்பக்கம் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "சட்டையை மாத்தி..." என்று ஆரம்பித்தவர், காலரில் தன் கையாலேயே பட்ட அச்சு மையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அது அவர் சட்டையேதான்.

"போன தடவை பார்த்தீங்களே, இங்கதானே இருந்துச்சு?"

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையே" என்ற அந்த அம்மா அக்காவிடம் திரும்பினார். "நாளைக்குத் துணி வரும்மா."

பெரிய அத்தான் தன் தம்பியை, அதாவது அக்காவின் புருஷனைக் கேட்டார். எப்போதும் அண்ணனுக்குப் பயந்த மனுஷர் அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயந்து, "நான் சரியாக் கவனிக்கலையேண்ணா" என்றார். அந்தப் பதிலில் பெரிய அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கண் டாக்டரிடம் போனார். கண்ணில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சோற்றில் கல் கிடக்கிறதா என்றுகூட என்னைக் கேட்க ஆரம்பித்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன்.

சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்தன, போயின. அக்கா வேறு தெருவில் வீடு பார்த்தாள். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு, இஸ்திரி மேஜையை இறக்கும்போது, பெரிய அத்தான் சட்டையைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். குரல் உள்ளே போயிருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா. இதுல கறை இருந்துச்சா, இல்லையா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இதை யார் யாருக்கெல்லாம் காட்டினீங்களோ, அவங்க எல்லாரையும் ஒரு நாள் கூப்பிடுங்க அத்தான். நான் வந்து அவங்க முன்னாடி சொல்றேன்."

வண்டி கிளம்பியது. இன்றுவரை அவர் ஒருத்தரையும் கூப்பிடவில்லை.