நீறு பூத்த நிலம்

அலுவலகத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, காடு, வயல், நீர், கட்டடம், தரிசு என்று ஐந்தில் ஒன்றைக் குறிப்பது அவள் வேலை. அவள் குறித்ததைப் பார்த்துத்தான் கணினியும் கற்றுக்கொண்டது.

சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வெளியே இருந்த நாணல் சதுப்பு அவள் திரையில் வந்தது.

"சார், சதுப்புக்குப் பட்டனே இல்லையே?"

"மரம் தெரியுதா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல."

"தண்ணி?"

"நாணல் மூடியிருக்கு சார்."

"அப்போ தரிசு. ஆராய்ச்சி பண்ணாம அடுத்ததுக்குப் போம்மா."

போய்விட்டாள். தன் விரல் நுனியில் விதி உட்கார்ந்திருந்தது அந்தப் பேதைக்கு எப்படித் தெரியும்?

தரிசென்று ஆன இடத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். சோலார் பேனல்கள் வரிசையாக எழுந்தன. புகையில்லாத மின்சாரம் என்று ஊரே மெச்சியது, அது பொய்யுமில்லை. அவள் கணவருக்கும் அவருடைய தாய்மாமாவுக்கும் அங்கேயே பேனல் கழுவும் வேலையும் கிடைத்தது. ஆனால் யுகயுகமாக மக்கிய நாணல், நீருக்கடியில் கரியாக உறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் போனதும் காற்றுப் பட்டது. எங்கோ ஒரு பொறி விழுந்து, உமி மூட்டம் போல உள்ளுக்குள்ளேயே கனியத் தொடங்கியது.

"தரை கதகதன்னு இருக்குடி," என்றார் கணவர் ஒரு மாலை. "உங்கிட்ட ஒத்தடம் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். பூமியே இரக்கப்பட்டு என் முட்டிக்குக் கொடுக்குது."

"அப்படியே வாய்க்கும் கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கலாம்," என்று சிரித்தாள். அவர் கழற்றிய செருப்பின் அடி உருகி வளைந்திருந்தது. சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

மறுநாள் காலை எடுத்த படம் பகலில் திரைக்கு வந்தது. பேனல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. 'மேகம்' என்று ஐந்திலும் சேர்க்காமல் ஒதுக்கியது கணினி. மேகமென்றால் தள்ளி ஒரு நிழல் விழுமே? இது தரையின் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியிருந்தது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நடு வரிசையில. ஏன்டி?"

"அடியில நெருப்பு இருக்குங்க. தரை உள்வாங்கிடும். வந்த தடத்துலயே கால் வச்சு வெளிய வந்துடுங்க. என் தாலிமேல சத்தியம், விளையாடல."

"சரி, வரேன். மாமா அந்தக் கோடியில குழாய் சுருட்டிட்டு இருக்காரு. அவரையும் கூட்டிட்டு வந்துடறேன்."

"அங்க போகாதீங்க."

போன் ஏற்கெனவே சட்டைப் பைக்குள் போயிருந்தது. துணி உரசும் சத்தம். காலடிச் சத்தம்.

"மாமா..."

காலடி நின்றது.

"மாமா, குழாய் இங்க கிடக்குது, நீங்க எங்க போயிட்டீங்க?"

காலடிகள் ஓட ஆரம்பித்தன. 'மாமா, மாமா' என்ற கூப்பாடு நிற்கவில்லை; ஓட்டம் வாசல் பக்கமாக அல்ல என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.