கை வலிக்காத ஸ்பிரிங்

பெரியப்பா அந்த வண்டியின் கார்புரேட்டரைத் திறந்து பார்க்க நாற்பத்தொரு வருடம் எடுத்துக்கொண்டார்.

மற்ற இயந்திரங்களிடம் அவருக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்கள் பலவற்றின் உச்சியில், மோட்டார் அறைச் சுவரில், அவருடைய கையெழுத்து இருக்கும். தேதி, பிரேக் ஸ்பிரிங்கின் நீளம், அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. ஒரு முறை அளந்து, கீழே இறங்கிப் போய், டீ குடித்துவிட்டு மேலே வந்து திரும்பவும் அளந்தாயிற்று என்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'மறுபடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மறுபடி சார்கூட டூட்டின்னா மத்தியானச் சாப்பாட்டை சாயங்காலம்தான் சாப்பிடலாம்" என்பார்கள். பெரியம்மாவின் புகார் வேறு மாதிரி இருக்கும். "இவரோட ஊருக்குக் கிளம்பினா, பூட்டை இழுத்துப் பாக்க ஒரு நாள், பயணத்துக்கு ஒரு நாள்."

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கைபட்ட லிஃப்ட் எதிலும் யாருக்கும் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. ஓய்வு பெற்ற அன்று கம்பெனிக்காரர்கள் அதைச் சொல்லிக் கை தட்டினார்கள். பெரியப்பா மேடையில் நின்று தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

வண்டி அதற்கு அடுத்த மாதம் வந்தது.

அது ஒரு மினி பைக். பெரியவர்களுக்கு முழங்கால் உயரம்தான் இருக்கும். புல் வெட்டும் மெஷினில் இருப்பதைப் போல ஒரு சின்ன என்ஜின். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிளம்பும். தாத்தா எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தது. வாசலில் நிறுத்தினால் யாருக்கோ காத்துக்கொண்டு நிற்பதைப் போல இருக்கும் என்பதால் வீட்டில் அதற்கு 'நாய்க்குட்டி' என்று பெயர். ஒரு பிள்ளைக்குக் கால் நீண்டு முட்டி இடிக்கத் தொடங்கியதும் வண்டி அடுத்த பிள்ளைக்குப் போகும். வாங்கிக்கொள்கிற பிள்ளை தனக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளலாம். அத்தை பச்சை அடித்தாள். பெரியப்பா நீலம். என் அப்பா சிவப்பு. கடைசியாக வந்தவன் மஞ்சள்.

அந்தக் கடைசிப் பிள்ளையை எல்லோரும் வண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். எப்போதும் எதையாவது ரீங்காரம் போட்டுக்கொண்டே திரிவானாம். எனக்குச் சித்தப்பா முறை. பதினொரு வயதுக்கு மேல் வளராத சித்தப்பா. ஒரு நாள் காலை, தெருச் சரிவில் வண்டி முழு வேகத்தில் போய், திருப்பத்தில் இருந்த கிடங்குச் சுவரில் மோதியது. மணல் சறுக்கிவிட்டது என்பார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

பழைய வீட்டை விற்பதற்காக அத்தை ஷெட்டைக் காலி செய்தபோது போன் பண்ணினாள். பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"டேய், நாய்க்குட்டி இன்னும் இங்கதான் படுத்திருக்கு. எடைக்குப் போட்டுடட்டுமா? எனக்கு அதைப் பாக்கவே..."

"எனக்கு வேணும்."

"நீ ஏறி உட்கார்ந்தா அதுக்கு இடுப்பு ஒடிஞ்சிடும்டா."

"எனக்கு வேணும்க்கா. அனுப்பி வை."

தார்ப்பாயை அவிழ்த்ததும் பெரியப்பா ஒரு அடி பின்னால் போனார். வண்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. சக்கரக் கம்பி, என்ஜின், ஸ்க்ரூத் தலை என்று எதையும் விடாமல் தடித்த சாம்பல் பெயிண்ட். அத்தையைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்றாள். அன்றைக்கு அப்புறம் ஷெட்டுக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லையாம்.

பெரியப்பாவின் ஃபிளாட்டில் பால்கனி இல்லை. வண்டி முன் அறையில், ஜன்னல் ஓரமாக, பழைய செய்தித்தாள்களின் மேல் நின்றது. முதல் நாள் பெரியப்பா அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

"என்னங்க, அதை எடுங்க," என்றாள் பெரியம்மா. "சின்னப்பிள்ளை குந்திக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

எடுத்தார். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப யாரோ இறங்கிப் போன மாதிரி இருக்கு," என்றாள்.

பெரியப்பாவுக்கு இடது கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சின்ன ஸ்க்ரூக்களைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். பகல் முழுக்க வேலை நடக்கும், பேச்சு அதிகம் இருக்காது. சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். வளைந்திருந்த முன் ஃபோர்க்கை வெல்டிங் கடைக்கு எடுத்துப் போய் நிமிர்த்தி வந்தார். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கச் சாம்பலுக்கு அடியில் மஞ்சள் வந்தது. அதற்கடியில் சிவப்பு, நீலம், பச்சை. மஞ்சள் வந்த இடத்தில் மட்டும் பெரியப்பா நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போனார். அந்த மஞ்சள் ஒரே சீராக இல்லை. பிரஷ்ஷின் முடிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. அடித்தவனுக்குப் பொறுமை இல்லை.

மின்விசிறிக் காற்றில் முன் சக்கரம் தானாகச் சுற்றும். யாரும் தொடாமல் அரைச் சுற்று சுற்றி நிற்கும். டேங்க் பல வருடமாகக் காய்ந்து கிடந்தது, ஆனாலும் அறைக்குள் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்றாள் பெரியம்மா. எனக்கும் ஒரு முறை அடித்தது. நான் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு எல்லாம் முடிந்திருந்தது, கார்புரேட்டரைத் தவிர. அதை அவர் தொடவே இல்லை. துணியைச் சுற்றி வைத்திருந்தார்.

"இது ஒண்ணுதான் பெரியப்பா பாக்கி. கழட்டட்டுமா?"

"இரும்மா."

சமையலறைப் பக்கம் பார்த்தார். பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பிறகு, லிஃப்டில் என்ன பழுது என்று கட்டடக்காரர்களுக்கு விளக்குகிற அதே குரலில் சொன்னார்.

"ஆக்ஸிலேட்டரைத் திருகினா இதுக்குள்ள ஒரு உருளை மேல ஏறும். பிடியை விட்டா ஒரு ஸ்பிரிங் அதைக் கீழ தள்ளும். வேகம் குறையும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஸ்பிரிங் நல்ல கனம். வண்டுவுக்குச் சின்னக் கை. 'அண்ணா, திருகினா மணிக்கட்டு வலிக்குது, ஏதாவது பண்ணு'ன்னு ஒரு வாரமா என் பின்னாடியே சுத்தினான். எனக்கு அப்போ பதினேழு வயசு. எல்லாம் தெரியும்னு நினைப்பு. அப்பாவோட ஸ்டேப்ளர்ல இருந்து மெல்லிசு ஸ்பிரிங்கை உருவி இதுக்குள்ள போட்டேன். வெண்ணெய் மாதிரி திரும்பிச்சு. பையன் என் கழுத்தைக் கட்டிக்கிட்டான்." துணியின் ஓரத்தை நேராக்கினார். "மறுநாள் காலையில போயிட்டான்."

"பெரியம்மாவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. உங்கப்பனுக்கும் தெரியாது. இப்ப உனக்குத்தான்."

"இதுல என்ன பாக்கணும் பெரியப்பா?"

"அந்த ஸ்பிரிங் பாதியில மடங்கி, உருளை மேலயே சிக்கி நின்னிருந்தா, நான்தான். ஒழுங்காக் கீழ வந்திருந்தா, மணல்தான்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியாம நாற்பத்தொரு வருஷம் என்னத்தைப் பண்ணேன்?"

அன்று திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்கள் முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, நாய்க்குட்டி வாலாட்டுதா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா சட்டைக் கையை மடித்து, கண்ணாடியைத் துடைத்து, துணியை விரித்து உட்கார்ந்தார். கார்புரேட்டர் மூடியின் விளிம்பு முழுவதையும் சாம்பல் பெயிண்ட் மூடியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பெயிண்ட் அடித்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை என்று தெரிந்தது. நான் பிளேடால் சுற்றிலும் கீறிவிட்டேன். திருகியது அவர். மூடியைத் தூக்கியதும் கம்பியோடு உருளையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வெளியே வந்தன.

ஸ்பிரிங் தடிமனாக இருந்தது. துளி துரு இல்லை; பழைய கிரீஸ் தேன் நிறத்தில் உறைந்திருந்தது. பெரியப்பா விரலால் அழுத்தி விட்டார். துள்ளி நிமிர்ந்தது. காலிப்பரை எடுத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"இது நான் போட்டது இல்ல."

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. "அப்போ நீங்க மாத்தவே இல்லையோ என்னவோ. சின்ன வயசுல நடந்தது, குழம்பியிருப்பீங்க."

"மாத்தினேன். முந்தின நாள் சாயங்காலம். நடுவுல ஒரே ராத்திரிதான்." அவர் மூடியைத் திருப்பி விளிம்பைக் காட்டினார். "அதுக்கப்புறம் யாரோ திறந்து, என்னுதை எடுத்துட்டு, புதுசு வாங்கிப் போட்டு, மூடி, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ஷெட்டுச் சாவி எங்கப்பாகிட்ட மட்டும்தான் இருந்தது."

ஸ்பிரிங்கைக் கீழே வைக்காமல் விரலிடுக்கில் உருட்டினார்.

"ஸ்டேப்ளர் ரெண்டு வாரத்துல மறுபடி வேலை செஞ்சுதும்மா. அதுக்குப் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டார்னு நினைச்சேன். அதுலதான் என் மார்க் ஷீட்டெல்லாம் சேர்த்துப் பின் அடிச்சு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் குடுத்தார்."

நான் மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த சாம்பல் பெயிண்ட்டைச் சுரண்டினேன்.

"அவர் பார்த்திருக்கார். ஸ்பிரிங் எப்படி நின்னுதுன்னு அவர் மட்டும் பார்த்திருக்கார். அப்புறம் பத்தொம்பது வருஷம் எதிர எதிர உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணியை எடுன்னு சொல்வார், எடுத்துக் குடுப்பேன்." உருளையைத் துணியில் வைத்தார். "இனிமே யாரைக் கேக்கறது?"

சிக்கியதா, சிக்கவில்லையா என்பது தாத்தாவோடு போய்விட்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வண்டியை வரவழைத்தார். போகும்போது வாசல் வரை வந்து, செருப்பு மாட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாள் ராத்திரியில வண்டு மட்டும்தான் வந்துக்கிட்டிருந்தான். இனிமே அப்பாவும் வருவார்."

இரண்டு வாரம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. பெரியம்மாதான் போன் பண்ணினாள். "சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே வண்டியைப் பாக்குறார். பூட்டைக்கூட இழுத்துப் பாக்குறதில்ல. எனக்குப் பயமா இருக்கு, வாயேன்." நான் கிளம்புவதற்குள் பெரியப்பாவே அப்பாவையும் அத்தையையும் வரச் சொல்லிவிட்டார்.

எல்லாப் பாகங்களும் மாட்டப்பட்டு வண்டி முழுசாக நின்றது. நிறம் மட்டும் அடிக்கவில்லை. தேய்த்த இடங்களில் ஐந்து நிறமும் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. அத்தை நுழைந்ததும், "ஐயோ, என் பச்சை!" என்று குனிந்து தொட்டாள். "நான் அடிச்சதுதான்டா நல்ல பெயிண்ட்டு. நீ அடிச்ச நீலம் பாரு, தோல் உரிஞ்ச மாதிரி."

பெரியப்பா சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்ன அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டேப்ளர், மெல்லிய ஸ்பிரிங், உள்ளே இருந்த புது ஸ்பிரிங், தாத்தாவின் சாவி. பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தை கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமாடா?"

அத்தை எழுந்து போய் பெரியப்பாவின் தலையில் கை வைத்தாள். திட்டப் போகிறாளா, தடவப் போகிறாளா என்று அவளுக்கே தெரியாதது போலக் கை அப்படியே இருந்தது.

அப்பா மட்டும் வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பிடியைத் திருகி விட்டார். உள்ளே உருளை 'டக்' என்று இறங்கியது. திரும்பவும் திருகினார். டக். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்குக் காலையில என்னை எழுப்பினான்ணா," என்றார் அப்பா, பிடியைப் பார்த்தபடியே. "நாங்க ஒரே பாய்லதானே படுப்போம். 'வாண்ணா, ஒரு ரவுண்டு கூட வா, இப்பல்லாம் கையே வலிக்கல'ன்னான். போடான்னுட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நீ சொன்னதே இல்லையே."

"யார்கிட்ட சொல்றது?"

"கை வலிக்கலைன்னா சொன்னான்?"

"ஆமாண்ணா."

"சிரிச்சுக்கிட்டே சொன்னானா?"

"முகத்தைப் பாக்கல. போர்வைக்குள்ள இருந்தேன்."

பெரியப்பா நாற்காலியிலிருந்து இறங்கி, முட்டி மடக்க முடியாமல் மடக்கி, அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வேற என்ன சொன்னான்?"

"அவ்வளவுதான்ணா. நான் தூங்கிட்டேன்."