எழுபத்திரண்டாம் எண்ணின் முட்டி

வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத விளையாட்டில், கால் வைத்திராத நாட்டில் இருக்கும் ஓர் அணிக்கு, யாரும் கேட்காமலே வருடா வருடம் திட்டம் போட்டுக் கொடுக்கிற முட்டாள் நான். 'கொடுக்கிற' என்பதுகூடச் சும்மா பெருமைக்குத்தான். யாரிடம் கொடுப்பது? நானே எழுதி, நானே படித்து, நானே மெச்சிக்கொள்வேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

நடந்தது போன வருடம் ஏப்ரல் மாதம், சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையில். கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான் எஞ்சினியர். வீடு கிழக்கே தெம்பனிஸில். தினமும் தீவின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ரயில். மற்றவர்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள். நான் கைபேசியில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டு வருவேன். நாம் உதைத்து விளையாடும் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, தலைக்கவசம் போட்ட மலை மலையான ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அது. ஒருமுறை ஆசைப்பட்டு அந்தப் பந்தை வாங்கி எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே எறிந்து பார்த்தேன். அங்கே செஸ் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து அவர்கள் ஆட்டத்தை முடித்துவைத்தது. என் விளையாட்டு வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

அந்த விளையாட்டில் ஏப்ரல் மாதம் ஒரு திருவிழா உண்டு. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை எல்லா அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. என் அணி தோற்பதில் யாருக்கும் இளைத்ததில்லை என்பதால் எங்களுக்கு எப்போதும் நல்ல இடம் கிடைக்கும். யாரை எடுக்க வேண்டும், அவர்களுக்கு இடம் கொடுக்கப் பழைய ஆட்களில் யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று ரசிகர்கள் ஆளாளுக்கு ஒரு திட்டம் எழுதுவார்கள். நான் அதை மதிய உணவு இடைவேளையில் அலுவலகக் கணினியில் எழுதுவேன், அதுவும் தமிழில். காரணம் மொழிப்பற்று இல்லை. என் மேனேஜர் சீனர், பின்னால் வந்து நின்றாலும் ஒன்றும் புரியாது. வாரா வாரம் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவதும் என் வேலை என்பதால், திரையில் தமிழைப் பார்த்தால் 'நல்ல பையன், உழைக்கிறான்' என்று நகர்ந்துவிடுவார்.

எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். மேனேஜர் படிக்கக் கூடாது என்று தமிழில் எழுதினேன். அந்தப் பட்டறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று யோசிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை திட்டத்தை அச்சடித்தேன், ரயிலில் வைத்துத் திருத்தலாம் என்று. கூடவே அந்த வாரத்துப் பாதுகாப்பு அறிவிப்பையும் அச்சுக்கு அனுப்பினேன். எடுக்கப் போவதற்குள் கப்பல் டெக்கிலிருந்து அழைப்பு வந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது பிரிண்டரில் ஒன்றும் இல்லை. அறிவிப்பை அலுவலகத்து மலாய் அக்கா வழக்கம்போல எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார் என்று தெரியும். என் திட்டத்தை அச்சுக்கு அனுப்ப மறந்துவிட்டேன் போல என்று நினைத்து, இன்னொன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து பட்டறை மாறிப்போனது.

எங்கள் பிரிவில் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆட்கள். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருப்பதால் ஹெல்மெட்டில் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பன்னிரண்டு என்று ஒரு வெல்டர். அன்று மாலை என் எதிரில் வந்து நின்று, "சார், பதறாம முடிச்சிட்டேன் சார்" என்றார். அவர் பதறியதாக நான் சொல்லவே இல்லையே. மறுநாளும் வந்து அதையே சொன்னார். ஐம்பத்தைந்து என்று ஒருவர், ஆள் வாட்டசாட்டம், எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வார். அவர் நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே பதில் சொல்ல ஆரம்பித்தார். பெரும்பாலும் வேறு கேள்விக்கான பதில்.

இவர்களை விட எழுபத்திரண்டுதான் எனக்கு ஆச்சரியம். நாற்பதைத் தாண்டிய ஃபிட்டர், நிதானமான மனிதர். அவர் சாரத்துப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். நான் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஏதாவது கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் நிர்வாகத் திறமை வேலை செய்கிறது என்று நினைத்தேன். வீட்டில் மனைவியிடம் அதை ஒரு அரை மணி நேரம் விளக்கியும் சொன்னேன்.

புதன்கிழமை காலை எழுபத்திரண்டு, பாரம் தூக்கும் சங்கிலிக் கருவியான ஒரு செயின் பிளாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். அதைக் கயிறு கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்க வாயைத் திறப்பதற்குள் பாதி ஏறிவிட்டார். திடீரென்று அவருடைய இடது கால் மடங்கியது. செயின் பிளாக் நழுவி, யாரும் நிற்காத பக்கம், இரும்புத் தளத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் இடுப்பு வாரின் கொக்கி பிடித்துக்கொள்ள, அந்தரத்தில் தொங்கினார். பன்னிரண்டும் இன்னொருவரும் ஓடிப்போய் அவரைத் தாங்கி இறக்கினார்கள்.

முழங்கையில் சிராய்ப்பு. "கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"முட்டி நல்லா இருக்கு சார்" என்றார்.

நான் முட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுகூட என் மண்டையில் ஏறவில்லை. விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, சிங்கப்பூர் நேரப்படி, அந்த ஆட்டக்காரர் தேர்வு நடந்தது. அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். என் அணி என் திட்டத்தில் இருந்த ஒருவரைக்கூட எடுக்கவில்லை, யாரையும் கழற்றிவிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். வெங்கரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தோளை யாரோ தொட்டார்கள். பன்னிரண்டு. பின்னால் கொஞ்சம் தள்ளி எழுபத்திரண்டு, இஸ்திரி போட்ட சட்டையில்.

"சார், ரெண்டு நிமிஷம் பேசணும்."

உணவுக்கடைப் பக்கம் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். டீ வாங்கப் போனேன், விடவில்லை, அவர்களே வாங்கி வைத்தார்கள். எழுபத்திரண்டு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, டீ படாத இடமாகப் பார்த்து விரித்தார்.

"போர்டுலேர்ந்து நான்தான் எடுத்தேன் சார். எல்லாரும் படிச்ச பெறகு எடுத்தேன். தப்புன்னா மன்னிச்சிடுங்க."

என் திட்டம். தலைப்பு, 'அடுத்த சீசன்: யார் இருக்கணும், யார் போகணும்.' கீழே, என் கைவண்ணம்: '12: நல்ல கை. கடைசி நேரத்தில் பதற்றம். ஒரு வருடம் பார்க்கலாம். 55: பலம் உண்டு, மூளை தாமதம். 72: வயதாகிவிட்டது. முட்டி போய்விட்டது. சம்பளமும் அதிகம். விட்டுவிடலாம், யாரும் தேட மாட்டார்கள்.'

ஆட்டக்காரர்களின் பெயரை எழுதச் சோம்பல்பட்டு, சட்டை எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். பிரிண்டரில் இருந்த இரண்டு தாளும் தமிழ் என்பதால் மலாய் அக்கா இரண்டையும் நல்ல மனதோடு ஒட்டிவிட்டிருக்கிறார்.

"சம்பளம் அதிகம்னா கொறைச்சுக்குங்க சார்" என்றார் எழுபத்திரண்டு. தாளைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "அனுப்பிடாதீங்க. மக நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. இன்னும் ரெண்டு வருஷம் இந்த முட்டி தாங்கும் சார்."

இந்த இடத்தில் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. சிரித்துவிட்டேன். விஷயம் புரிந்த நிம்மதியில் வந்த சிரிப்பு. ஆனால் எதிரில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். பிறகு கைபேசியை எடுத்துக் காட்டி, இது அமெரிக்காவில் ஒரு விளையாட்டு, இந்த எழுபத்திரண்டு நீங்கள் இல்லை, அதோ அந்த ஆள், பாருங்கள், என்று பத்து நிமிடம் விளக்கினேன்.

பன்னிரண்டு கவனமாகக் கேட்டார். "அப்ப புதுசா எடுக்க வேண்டிய ஆளு நூத்தி நாப்பது கிலோன்னு போட்டிருக்கே, அது?"

"அதுவும் அங்கதான். அந்த ஊர் பையன்."

"நல்லவேளை. டார்மிட்டரில ஒரு வாரமா இதே பேச்சு சார். அவ்வளவு பெரிய ஆளு கப்பல் டேங்க் மேன்ஹோல்ல எப்படி எறங்குவான்னு."

பன்னிரண்டும் நானும் சிரித்தோம். எழுபத்திரண்டு சிரிக்கவில்லை.

"அப்ப என் முட்டி விஷயம் உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "ஒரு வருஷமா மறைச்சு வச்சிருந்தேன். சார் பாத்துட்டாருன்னு நெனச்சேன்." பிறகு டீயைக் குடித்தார். இப்போது அவராகவே என்னிடம் சொல்லிவிட்டார் என்பது எங்கள் இருவருக்குமே அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மீன் பையோடு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அன்று கைபேசியை எடுக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் எழுபத்திரண்டுக்கு எந்த முட்டி, எந்த ஆட்டத்தில் அடிபட்டது, எத்தனை அறுவை சிகிச்சை, எல்லாம் எனக்கு மனப்பாடம். என் கண் முன்னால் தினமும் ஏணி ஏறுகிற எழுபத்திரண்டு, ஒரு வருடமாக இடது காலை ஊன்றும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறார். நினைத்துப் பார்த்தால் அது என் கண்ணில் பட்டிருக்கிறது. நிதானமான மனிதர் என்று நான் முடிவுகட்டியது அதைப் பார்த்துத்தான்.

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நின்று, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஐம்பத்தைந்துதான் கையைத் தூக்கினார்.

"அப்ப மூளை தாமதம்னது என்னை இல்லையா சார்?"

"இல்லைங்க."

"பொண்டாட்டிகிட்ட போன்ல சொல்லிட்டேனே. சார் கரெக்டாத்தான் எழுதியிருக்காருன்னுட்டா."

அந்தச் சிரிப்பில் நான் தப்பித்தேன். எழுபத்திரண்டு தப்பிக்கவில்லை. முட்டி பழுது என்று எழுத்தில் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் பயம். அது வெறும் பயம் இல்லை. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அவரை ஏணியில் ஏற்ற என்னால் முடியாது. மேனேஜர் அறைக்குப் போய், கழிப்பறையில் ஆட்டம் பார்த்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். விபத்து அறிக்கையில் 'அவசரம்' என்று எழுதியது தவறு, காரணம் நான் எழுதிய தாள், திருத்தி எழுத வேண்டும் என்றேன். ஆளைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்றேன். கருவிகள் ஸ்டோரில் ஆள் இல்லாமல் இரண்டு மாதமாகத் திண்டாடுகிறோமே, அந்த இடத்தை இவருக்குக் கொடுங்கள் என்றேன். எந்தக் கருவி எதற்கு என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது, கணினியில் ஏற்ற வேண்டியதை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மேனேஜர், "மூணு மாசம் ட்ரை பண்ணு" என்றார். நான் கதவருகே போனதும் தன் சிங்கப்பூர் இங்கிலீஷில், "அடுத்த வாட்டி இங்கிலீஷ்ல எழுது லா" என்றார்.

மூன்று மாதம் ஒரு வருடமாகிவிட்டது. முட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது, வலி பாதியாகக் குறைந்திருக்கிறதாம். ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கருவி வாங்க வருகிறவர்களை இப்போது அவர் மிரட்டுகிறார். துடைக்காமல் திருப்பிக் கொடுத்தால் நான் என்றாலும் வாங்க மாட்டார்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஏப்ரலிலும் திட்டம் எழுதினேன். எண் போடவில்லை, பெயர் போட்டு எழுதினேன். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'விட்டுவிடலாம்' என்று எழுதப் போகும்போது கை ஒரு நொடி நிற்கிறது. யாரும் தேட மாட்டார்கள் என்று ஒரு மனிதனைப் பற்றி அவ்வளவு சுலபமாக எழுதியது என் கைதான் என்பது அந்த ஒரு நொடியில் நினைவுக்கு வந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு ஸ்பேனர் வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், "அமெரிக்காவுல உங்க எண்ணுக்காரர் இருந்தாரே, அவரைக் கடைசியில விட்டுட்டாங்க. ஒரு வருஷம் தாமதமா என் திட்டம் பலிச்சிடுச்சு" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்து ஜன்னலில் வைத்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"ஏன் சார், அங்க ஸ்டோர் இல்லையா?"