சூளை சார் கேட்ட சம்மதம்

என் மேசை மேல் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். கையைக் கிழிக்காமல் இருக்க மரச்சட்டம் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு காம்பும் வைத்திருக்கும். சட்டத்தில் ஒரு மூலை கருகியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் என் கேடயங்களையும் மந்திரி பக்கத்தில் நான் நிற்கிற போட்டோவையும் பார்த்து முடித்தபிறகு இதென்ன என்று கேட்பார்கள். சூளைக்குள் எரிகிற நெருப்பை வெறும் கண்ணால் பார்த்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், இதை வைத்துப் பார்த்தால் நெருப்புக்கு நடுவில் நிற்கிற சரக்கு தெரியும் என்று சொல்லுவேன். அதோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இதைக் கொடுத்தவரைப் பற்றி இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் படித்தவன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நடந்தே விருத்தாசலம் வந்து, பீங்கான் ஷெட்டுகளில் மண் மூட்டை தூக்கி, அச்சுப் போட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு ஷெட்டு எடுத்தவன். தென்னாற்காடு ஜில்லாவில் அந்தக் காலத்தில் கரண்டு வந்த ஊர்களில் என் ஷெட்டுப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இல்லாத ஊரைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எல்லோரும் சொல்லுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எந்த ஆபீசிலும் என்னை நிற்கவைத்துப் பேசியதில்லை. எந்தச் சிக்கலையும் பேசிப் பேசியே பிரித்துவிடுவேன் என்று எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், எனக்குப் பேர். அந்தப் பேர் ஒரே ஒரு நாள் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெரிய சூளை இருந்தது. நீளமான குகை மாதிரி கட்டி, உள்ளே தண்டவாளம் போட்டிருப்பார்கள். சரக்கைத் தட்டுத் தட்டாக அடுக்கிய வண்டியை இந்தப் பக்கத்திலிருந்து மிஷின் மெதுவாகத் தள்ளும். நடுவில் நெருப்பு. ஒரு வண்டி உள்ளே போனால் அந்தப் பக்கம் வெந்த வண்டி ஒன்று வெளியே வரும். உள்ளே போன வண்டி திரும்பி வராது, முன்னால்தான் போகும். அந்தச் சூளையைப் பார்த்துக்கொண்டவர்தான் சூளை சார். வெளியூர்க்காரர், படித்தவர், ஒல்லியாக இருப்பார், கழுத்தில் துண்டு, கையில் எப்போதும் இந்தக் கண்ணாடி. வண்டிக்கு முறை வைத்துத்தான் உள்ளே விடுவார். எனக்கு ஒருநாள் முன்னால் விடுங்க சார் என்று யாராவது இளித்தால், "நெருப்பு உன்ன மாதிரி ஆளுகிட்டல்லாம் பேசாதுப்பா. அதுக்குப் பதிலா நான் பேசுறேன், போ" என்பார். கோபமே வராது. ஆனால் அசையமாட்டார்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. கடைசி வரிசை ஷெட்டில் ஒரு அம்மா இருந்தார்கள். வேதக்காரக் குடும்பம். வீட்டு நிலையில் மாட்டுகிற சின்னத் தீர்த்தக் கிண்ணம், முதுகில் சிலுவை வைத்தது, அதைத்தான் அவர்கள் ஷெட்டில் செய்தார்கள். கிண்ணத்தம்மா என்றுதான் எஸ்டேட்டில் சொல்லுவோம். புருஷன் திடீரென்று செத்துப்போனார். ஷெட்டு அவர் பேரில் இருந்தது. பெண்பிள்ளையால் நடத்த முடியுமா என்று எஸ்டேட் ஆபீசில் சந்தேகம். கார்த்திகை முடிவதற்குள் ஒரு வண்டிச் சரக்காவது சுட்டு வெளியே அனுப்பிக் காட்டினால் ஷெட்டு உங்கள் பேருக்கு மாறும், இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அந்தம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் உட்கார்ந்து அத்தனை கிண்ணத்தையும் அச்சில் போட்டு எடுத்தார்கள். மழைக்காலத்தில் பச்சை மண் காயாது. அடுப்பைச் சுற்றி அடுக்கி, சாக்குப் போட்டு மூடி, எப்படியோ காயவைத்துவிட்டார்கள். ஆனால் சூளையில் அவர்கள் முறை வருவதற்குள் கெடு தாண்டிவிடும்.

அப்போது என் முறை வந்திருந்தது. என் வண்டியை அந்தம்மாவுக்குக் கொடுங்க சார், என் சரக்கு காத்திருந்தா கெட்டா போயிடும் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். சூளை சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களா சொல்றதால சரி. நானா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அந்தம்மா கண் கலங்கிப்போய், "நல்லா இருப்பீங்கண்ணே" என்று கும்பிட்டார்கள். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மத்தியானம் சூளைக்குள் வண்டி ஓட்டம் நின்றுவிட்டது. மிஷின் தள்ளுகிறது, வண்டி நகரவில்லை. சூளை சார் பக்கத்துச் சுவரில் இருக்கிற பார்வை ஓட்டையைத் திறந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்தம்மா சரக்கு ஏற்றிய வண்டியில், அடித்தட்டு ஒன்று விண்டு, மொத்த அடுக்கும் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நெருப்புக்குச் சற்று முன்னால். தட்டு விண்டது யார் குற்றமும் இல்லை, பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். அந்த வண்டியில் யார் சரக்கு ஏறியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். பக்கத்து ஷெட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு எங்கயோ மச்சம் இருக்குது முதலாளி. உங்களுக்கு வரவேண்டியது அந்தம்மாவுக்குப் போயிருக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தோளை இழுத்துக்கொண்டேன்.

வழி இரண்டுதான். மிஷினை முழு வேகத்தில் விட்டால் சாய்ந்த அடுக்கு சுவரில் உரசி நொறுங்கும், மற்ற வண்டியெல்லாம் நகரும். இல்லையென்றால் நெருப்பை அணைக்க வேண்டும். ஆறவிட்டு ஆள் உள்ளே போய்க் கிண்ணங்களைக் கையால் எடுக்கலாம். ஆனால் நெருப்பில் நிற்கிற மற்றவர்கள் சரக்கு அத்தனையும் பாழ். சூடு இறங்கினால் சூளைச் செங்கல் வெடிக்கும், கட்டி முடிக்க மாசக்கணக்கில் ஆகும். அத்தனை ஷெட்டுக் கூலிக்காரர்களும் மழைக்காலத்தில் அடுப்பு எரியாமல் உட்கார வேண்டும். இதில் இன்னொன்றும் இருந்தது. சூளையே நின்றுவிட்டால் எல்லோருக்கும் கெடு தள்ளிப்போகும், அது ஆபீஸ் வழக்கம். ஊருக்கே வந்த கஷ்டம் என்றால் கெடு நீளும். ஒருத்தருக்கு மட்டும் வந்தால் நீளாது.

சூளை சார் ஒவ்வொரு ஷெட்டுக்காரராகக் கேட்டார். தள்ளுங்க சார், தள்ளுங்க சார், இதுல யோசிக்க என்ன இருக்குது என்றார்கள். என்னிடம் வந்தார். பேச்சால் எதையும் பிரித்துவிடுகிறவன் நான். ஒரு வழி கிடைக்காதா என்று மூளையைப் போட்டு உலுக்கினேன். என் ஆட்களை விட்டுப் புதிதாகச் செய்து தரலாமா? மழை, காயாது, கெடு வந்துவிடும். என் சரக்கை அந்தம்மா பேரில் அனுப்பலாமா? ஃபியூஸ் கட்டையைப் பார்த்து எந்த ஆபீஸ் தீர்த்தக் கிண்ணம் என்று எழுதும்? கடைசியில், "எல்லாரும் சொல்றதுதான் சார்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மெட்ராஸ் பெரிய ஆபீசில் கேட்க டிரங்க் கால் போட்டுப் பார்த்தார், மழையில் லைன் கிடைக்கவில்லை. அப்புறம், "சரக்குக்காரங்கள கேக்காம நான் தள்ள மாட்டேன். அந்தம்மாவக் கூப்பிடுங்க" என்றார்.

முந்தானையைத் தலையில் போட்டு நனைந்தபடியே வந்தார்கள். சூளை சார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், கெடு சமாசாரம் உட்பட. அந்தம்மா, நான் பார்க்கணும் சார் என்றார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து ஓட்டைக்கு நேராக நிற்கவைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"நிக்குதே சார். எல்லாம் அப்படியே நிக்குதே."

"நிக்குதும்மா. சாஞ்சிதான் நிக்குது."

நாங்கள் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தோம். சூளை சார் மெதுவாக, "உங்க சரக்கும்மா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

அந்தம்மா கண்ணாடியை இறக்கினார்கள். "நான் சரின்னு சொல்லலன்னா சூளைய நிறுத்திடுவீங்களா சார்?"

அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நிறுத்த மாட்டீங்க. இத்தினி பேரு வயிறு இருக்குது, நிறுத்தவும் கூடாது. நீங்க தள்ளுறது தள்ளுங்க சார். அதைச் சரின்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க."

கண்ணாடியை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். போய்விடவில்லை. மிஷின்காரன் சூளை சார் முகத்தைப் பார்த்தான். அவர் அவனை விலகச் சொல்லிவிட்டு, தானே கைப்பிடியைத் திருகினார். உள்ளே நொறுங்கிய சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. பச்சைமண் பாருங்கள், அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது.

மற்ற எல்லோர் சரக்கும் அன்றைக்கு நன்றாக வந்தது. அந்தம்மாவுக்குக் கெடு நீட்டிக் கேட்க நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. அதிகாரி நல்ல மனுஷர். "சூளை நின்னிருந்தா எல்லாருக்கும் கெடு தள்ளிக் குடுத்திருப்போம். நிக்கலையேங்க. இவங்களுக்கு மட்டும் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு கதையோட வருவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். என் ஷெட்டிலேயே வேலைக்கு வாங்க என்று அந்தம்மாவைக் கூப்பிட்டேன். "பாக்கலாண்ணே" என்றார்கள். அந்தத் தை மாதமே எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகள் அங்கே களையெடுக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

சூளை சார் அதற்குப்பிறகும் சில வருஷம் இருந்தார். யாரிடமும் இதைப் பேசமாட்டார், என்னிடம் மட்டும் டீக்கடையில் திடீரென்று கேட்பார், நான் செய்தது சரிதானே என்று. சரிதான் சார் என்பேன். "சரின்னா ஏன் இப்பிடி இருக்குது?" என்பார். ஒரு தடவை சொன்னார், அந்தம்மாவைக் கேட்டால் நியாயம் என்று நினைத்தேன், என் பாரத்தை அவங்க தலையில ஏத்தப் பார்த்திருக்கேன் என்று. மாற்றலாகிப் போகிற அன்று இந்தக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். ஏன் எனக்கு என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் என் பேத்தி வந்திருந்தாள். வியாபார நிர்வாகம் படிக்கிறாள். நான் ஏறாத படியெல்லாம் அவள் ஏறிவிட்டாள், அது என் சம்பாத்தியம். கண்ணாடியைப் பற்றிக் கேட்டாள். அவளிடம் முழுவதும் சொன்னேன். இதையெல்லாம் வகுப்பில் படிக்கிறார்களாம். நிறைய பேருக்கு நன்மை எதுவோ அதைச் செய் என்பது ஒரு கட்சி. ஒருத்தரை மற்றவர்களுக்காகப் பலி கொடுக்காதே என்பது ஒரு கட்சி. இரண்டுக்கும் பேர் இருக்கிறது, சொன்னாள், வாயில் நுழையவில்லை. அந்தம்மா சொன்னதற்கு என்ன பேரும்மா என்று கேட்டேன். யோசித்தாள். தெரியலை தாத்தா என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள், முறையைக் கொடுக்காமல் இருந்து அது உங்க வண்டியா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க என்று. தள்ளுங்க சார் என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். எஸ்டேட்டே என்னைப் புகழ்ந்திருக்கும். என் ஷெட்டில் இன்னும் எத்தனையோ வண்டிச் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது, எனக்கு அந்த வார்த்தை ஒரு வார்த்தையே இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே தாத்தா, இருட்டாத்தான் இருக்குது" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். "எதிர்ல நெருப்பு இருந்தாத்தான் அதுல தெரியும்."

கருகிய மூலை சுவர்ப்பக்கம் இருக்கும்படி அதைத் திரும்ப வாங்கி வைத்தேன்.